முதலில் துறை, பிறகு மதிப்பெண்: ஸ்டெப் 2 தேதிக் கணக்கு பற்றி ஒரு விமர்சனம்

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். அங்கேயே மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எலும்பு அறுவை சிகிச்சை, அதாவது ஆர்த்தோ, எடுக்க வேண்டும் என்று ஆசை. நலம் விசாரிப்பு எல்லாம் முடிந்த பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"மாமா, ஸ்டெப் 2 ஜூன்ல எழுதட்டுமா, ஆகஸ்ட்ல எழுதட்டுமா? நீங்கதான் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆளாச்சே, சொல்லுங்க."

நான் மருத்துவன் இல்லை. புள்ளியியல் படித்து, அதை வைத்துப் பிழைக்கிறவன். "யோசிச்சுச் சொல்றேன் பாப்பா" என்று போனை வைத்துவிட்டு, மூன்று வாரம் இதையே வாசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் கேட்ட கேள்விக்கு ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை ஒரு மாணவி தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டியிருப்பதே அந்த அமைப்பின் கோளாறு. சீர்திருத்தம் என்ற பெயரில் செய்த ஒரு மாற்றம் இந்தக் கோளாறைக் குறைக்கவில்லை, இன்னும் இறுக்கமான இடத்துக்குத் தள்ளிவிட்டது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி

அமெரிக்காவில் மருத்துவம் பார்க்க உரிமம் வேண்டுமென்றால் யுஎஸ்எம்எல்இ என்ற தேர்வுத் தொடரை முடிக்க வேண்டும். ஸ்டெப் 1 அடிப்படை அறிவியல். ஸ்டெப் 2 சிகே நோயாளியைப் பார்த்து முடிவெடுக்கும் அறிவு. ஸ்டெப் 3 பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்த பிறகு. ஸ்டெப் 2 சிகே ஒரே நாளில் ஒன்பது மணி நேரம் நடக்கும், 300 சொச்சம் கேள்விகள். மதிப்பெண் 300-க்குள் வரும். 2025 ஜூலையிலிருந்து தேர்ச்சிக்கு 218 வேண்டும்.

இதில் இரண்டு விதிகள் முக்கியம். ஒன்று, தேர்ச்சி பெற்றுவிட்டால் மதிப்பெண்ணைக் கூட்டுவதற்காக மறுபடி எழுத முடியாது. இரண்டு, தோற்றால் அந்தத் தோல்வி பட்டியலில் நிரந்தரமாக இருக்கும். ஆக, ஒருமுறைதான் சுடலாம்.

ரெசிடென்சி என்பது நம்ம ஊர் பி.ஜி. மாதிரி. இராஸ் என்ற பொது இணையத்தளம் வழியாகச் செப்டம்பரில் விண்ணப்பம். செப்டம்பர் கடைசியில் எல்லா மருத்துவமனைகளும் ஒரே நாளில் விண்ணப்பங்களைத் திறந்து பார்க்கும். குளிர்காலத்தில் நேர்காணல். மாணவர்கள் ஒரு வரிசைப் பட்டியல் கொடுப்பார்கள், மருத்துவமனைகளும் கொடுக்கும். மார்ச் மூன்றாவது வெள்ளிக்கிழமை கணினி யார் எங்கே என்று சொல்லும். இதுதான் மேட்ச். யூராலஜி, கண் மருத்துவம் போன்ற சில துறைகளுக்குத் தனி மேட்ச், அது இன்னும் முன்னாலேயே முடிந்துவிடும்.

ஆர்த்தோவில் ஆண்டுக்குச் சுமார் 900 இடங்கள். நரம்பியல் அறுவை சிகிச்சையில் சுமார் 240. நேரடி பிளாஸ்டிக் சர்ஜரியில் 200 சொச்சம். கேட்பவர்கள் எப்போதும் இடங்களைவிட அதிகம். 2022-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரத்தில், ஆர்த்தோ கிடைத்த அமெரிக்க எம்.டி. மாணவர்களின் சராசரி ஸ்டெப் 2 மதிப்பெண் 250-களின் நடுவில் இருந்தது. தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். உரிமத்துக்காக வைத்த தேர்வு, வரிசையில் நிற்க வைக்கும் தேர்வாக மாறிவிட்டது.

பழைய ஆட்டம்

சில வருடங்களுக்கு முன்புவரை ஸ்டெப் 1-க்கும் மதிப்பெண் உண்டு. அதுதான் ராஜா. அதை இரண்டாம் ஆண்டு முடிவில் எழுதுவார்கள். அப்போது ஸ்டெப் 2 தேதிக்கு ஒரு எழுதப்படாத விதி இருந்தது. ஸ்டெப் 1 அமோகமாக வந்துவிட்டதா? ஸ்டெப் 2-வைத் தள்ளிப்போடு. விண்ணப்பம் போன பிறகு, அக்டோபரிலோ நவம்பரிலோ சாவகாசமாக எழுது. கையில் நல்ல சீட்டு இருக்கும்போது இன்னொரு சீட்டை எதற்குத் திறப்பது? ஸ்டெப் 1 சொதப்பிவிட்டதா? சீக்கிரமே எழுதி, "பாருங்க, தேறிட்டேன்" என்று காட்டு.

இது வேலை செய்ததற்குக் காரணம் ஒரு சின்ன நடைமுறை. விண்ணப்பம் அனுப்பிய பிறகு வரும் புது மதிப்பெண் தானாக மருத்துவமனைக்குப் போகாது. மாணவர்தான் மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். ஆக, ஸ்டெப் 2 கட்டம் காலியாக இருந்தால் பார்ப்பவருக்கு அர்த்தம் புரியாது. கெட்டிக்காரன் ஒளித்து வைத்திருக்கிறானா, பயந்தவன் தள்ளிப்போட்டிருக்கிறானா, அந்தக் கல்லூரியின் கால அட்டவணையே அப்படியா?

1981-இல் சான்ஃபோர்ட் கிராஸ்மன், பால் மில்க்ரம் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் தனித்தனியாக ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். ஒருவரிடம் நிரூபிக்கக்கூடிய தகவல் இருக்கிறது, சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம் என்றால், கடைசியில் மௌனம் கெட்ட செய்தியாகவே படிக்கப்படும். மிக நல்ல செய்தி உள்ளவர் முதலில் சொல்லிவிடுவார். அப்புறம் அடுத்தவர். இப்படியே போனால், வாய் மூடியிருப்பவரிடம் இருப்பது மோசமான சரக்கு என்று எல்லோரும் ஊகித்துவிடுவார்கள். பழைய ஸ்டெப் 2 ஆட்டம் இதிலிருந்து தப்பித்தது ஒரே காரணத்தால். மௌனத்துக்கு நல்ல காரணமும் இருக்கலாம் என்ற சந்தேகம் உயிரோடு இருந்தது. நல்ல ஸ்டெப் 1 அந்தச் சந்தேகத்துக்குச் சோறு போட்டது.

2022-க்குப் பிறகு

ஸ்டெப் 1 மாணவர்களை வதைக்கிறது, மருத்துவக் கல்லூரியின் முதல் இரண்டு வருடத்தையே விழுங்குகிறது, உரிமத்துக்கான தேர்வைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவது தப்பு என்று நீண்ட காலம் விவாதம் நடந்தது. 2019-இல் இதற்காகவே ஒரு மாநாடு கூட்டினார்கள். 2020 பிப்ரவரியில் முடிவு அறிவித்தார்கள். 2022 ஜனவரி 26 முதல் ஸ்டெப் 1-க்கு மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்வி மட்டும். சொன்ன காரணங்கள் எல்லாமே நியாயமானவை. எனக்கும் அவற்றில் சண்டை இல்லை.

ஆனால் ஒரு எண்ணை எடுத்துவிட்டால் எண் மீதான பசி போய்விடுமா? ஒரு ப்ரோகிராமுக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது. பார்ப்பவர் பகலில் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் சர்ஜன். ஏதாவது ஒரு சல்லடை வேண்டும். மிச்சமிருந்த ஒரே எண் ஸ்டெப் 2. பாரம் முழுக்க அதன் தலையில் இறங்கியது. பல ப்ரோகிராம்கள் இப்போது நேர்காணலுக்கு அழைப்பதற்கு முன்பே ஸ்டெப் 2 வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன. காலிக் கட்டத்துக்கு இருந்த நல்ல விளக்கம் செத்துவிட்டது. கிராஸ்மனும் மில்க்ரமும் சொன்னது அப்படியே நடந்துவிட்டது.

இங்கேதான் என் முக்கியமான புகார். பாரம் இடம் மாறியது மட்டுமல்ல, காலமும் மாறியது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பழைய மாணவர் ஒருவர் ஜூன் மாதம் ஸ்டெப் 1 எழுதுகிறார், ஜூலையில் மதிப்பெண் வருகிறது. அவர் விண்ணப்பிப்பது அடுத்த ஆண்டு செப்டம்பரில். நடுவில் 14 மாதம். அந்த 14 மாதத்தில் எண்ணைப் பார்த்து யோசிக்கலாம். ஆர்த்தோ சாத்தியமா, வேறு துறை பார்க்கலாமா, எந்த ஊரில் முயற்சி செய்வது என்று தீர்மானிக்கலாம்.

இன்றைய மாணவர் மூன்றாம் ஆண்டு வார்டு சுற்றை முடித்து ஜூன் கடைசியில் ஸ்டெப் 2 எழுதுகிறார். மதிப்பெண் வர வழக்கமாக இரண்டிலிருந்து நான்கு வாரம், சில சமயம் அதற்கும் மேல். ஜூலை பாதிக்கு மேல் கைக்கு வருகிறது. செப்டம்பரில் விண்ணப்பம். நடுவில் இரண்டே மாதம்.

அந்த இரண்டு மாதமும் சும்மா இருக்கும் மாதம் இல்லை. ஆர்த்தோ மாதிரித் துறைகளில் அவே ரொட்டேஷன் என்று ஒன்று உண்டு. வேறு ஊர் மருத்துவமனையில் போய் நான்கு வாரம் வேலை பார்ப்பது. பேருக்குப் பயிற்சி, உண்மையில் ஒரு மாதம் நீளும் நேர்காணல். விடியற்காலை போய் இரவு திரும்புவது. ஒரு மாணவர் இரண்டு மூன்று இடங்களுக்குக்கூடப் போவார். அவற்றுக்கு இடம் பிடிப்பது வசந்த காலத்தில், அதாவது ஸ்டெப் 2 எழுதுவதற்கே முன்னால். அதற்கும் முன்னால் ஆர்த்தோ பேராசிரியர்களுடன் ஆராய்ச்சி, அவர்களிடமிருந்து சிபாரிசுக் கடிதம். ஒரு மாணவி தன் எண்ணைப் பார்க்கும்போது காசு, நேரம், உறவு எல்லாவற்றையும் ஏற்கெனவே ஒரே துறையில் போட்டு முடித்திருப்பாள்.

நம்ம ஊர்க் கண்ணாடியில்

இதை நான் புரிந்துகொண்டது நீட் பி.ஜி.யை நினைத்துப் பார்த்தபோதுதான். இங்கே முதலில் தேர்வு. அப்புறம் ரேங்க். அப்புறம் கவுன்சிலிங்கில் உட்கார்ந்து, "ஆர்த்தோ கிடைக்குமா, இல்ல மயக்கவியலா?" என்று பார்க்கிறோம். இந்த முறைக்கும் ஆயிரம் குறை உண்டு. தோல் மருத்துவத்தில் ஆர்வமே இல்லாதவர்கள் ரேங்க் நல்லா வந்ததால் அதை எடுப்பதைப் பார்த்திருக்கிறோம். ஆனாலும் ஒரு நேர்மை இருக்கிறது. எண் தெரிந்த பிறகுதான் தேர்வு செய்யச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் இப்போது தலைகீழ். முதலில் துறை, பிறகு மதிப்பெண். சீட்டைத் திறக்கும் முன்பே பந்தயம் கட்ட வேண்டும். ஆர்வத்தை வைத்துத் துறையைத் தேர்ந்தெடுப்பது உயர்ந்த விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆர்வத்தைக் கடைசியில் ஒரு எண்தான் வடிகட்டும் என்றால், அந்த எண்ணை முன்னாலேயே காட்டுவதுதானே மரியாதை?

இங்கே எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அங்கே போக நினைக்கிறவர்களுக்கு இந்தத் தேதி ஆட்டமே கிடையாது. அவர்களுக்குத் தனியாக இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் வேண்டும், அதற்கே இரண்டு ஸ்டெப்பும் தேவை. ஆர்த்தோ கதவு அவர்களுக்குக் கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது. அது வேறொரு பதிவுக்கான விஷயம்.

எண் எவ்வளவு நடுங்குகிறது?

தேதியைத் தள்ளிப்போடச் சொல்லும் அறிவுரையின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இன்னும் ஆறு வாரம் படித்தால் எட்டுப் புள்ளி கூடும், அந்த எட்டுப் புள்ளி வாழ்க்கையை மாற்றும் என்று. புள்ளியியல் ஆளாக எனக்கு இதில்தான் அதிகம் வயிறு எரிகிறது.

எந்தத் தேர்வுக்கும் அளவீட்டுப் பிழை உண்டு. அதே ஆள் அதே அறிவோடு வேறொரு கேள்வித்தாள் எழுதினால் வேறொரு எண் வரும். கணக்குக்காக இந்தப் பிழை 7 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். உண்மையான தகுதி 250 உள்ள ஒருவருக்கு மூன்றில் இரண்டு தடவை 243-க்கும் 257-க்கும் நடுவில் வரும். மூன்றாவது தடவை அதற்கும் வெளியே. இப்போது அச்சு அசலாக ஒரே தகுதியுள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் இடையே எட்டு புள்ளியோ அதற்கு மேலோ வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு? கிட்டத்தட்ட பத்தில் நான்கு தடவை. பூவா தலையாவுக்கு ரொம்ப தூரத்தில் இல்லை.

247-க்கும் 255-க்கும் இடையில் ஒரு ப்ரோகிராம் கோடு போட்டால், அந்தக் கோட்டின் இரு பக்கமும் நிற்பவர்களில் நிறையப் பேர் ஒரே மாதிரி ஆட்கள். அதற்காக ஆகஸ்ட் வரை தள்ளிப்போட்டு, அவே ரொட்டேஷனில் தூக்கமில்லாமல் நின்றுகொண்டு, ராத்திரி பதினோரு மணிக்குக் கேள்வி வங்கியைத் திறந்து வைத்திருப்பது என்ன லாபம்? வார்டில் கற்ற குழந்தை மருத்துவமும் மகப்பேறும் வாரா வாரம் மறந்துகொண்டு வேறு இருக்கும். ஆகஸ்ட் கடைசிக்குப் போனால், மதிப்பெண் வருவது இழுத்துவிட்டால் செப்டம்பர் கடைசியில் விண்ணப்பம் திறக்கும்போது கட்டம் காலி. காலி என்றால் என்ன அர்த்தம் என்று மேலே பார்த்துவிட்டோம்.

1945-இல் ஒருமுறை இதைத் தீர்த்தார்கள்

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. மேட்ச் என்ற ஏற்பாடே தேதிச் சண்டையிலிருந்து பிறந்ததுதான். பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத் 1984-இல் இந்த வரலாற்றை விரிவாக எழுதினார். 2012-இல் லாய்ட் ஷேப்லியோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றவர்.

1940-களில் பயிற்சி மருத்துவர்களுக்குப் பற்றாக்குறை. நல்ல மாணவர்களைப் பிடிக்க மருத்துவமனைகள் ஒன்றையொன்று முந்தின. படிப்பு முடிய இரண்டு வருடம் இருக்கும்போதே வேலை உறுதி செய்தார்கள். மாணவர் எப்படிப்பட்டவர் என்று மருத்துவமனைக்கும் தெரியாது, தனக்கு எது ஒத்துவரும் என்று மாணவருக்கும் தெரியாது. "நீங்க அவசரப்படாதீங்க" என்று தனித்தனியாக யாருக்கு அறிவுரை சொல்லியும் பயனில்லை. ஒருவர் மட்டும் காத்திருந்தால் அவருக்குத்தான் நஷ்டம்.

1945-இல் மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு காரியம் செய்தன. குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் எந்த மாணவரைப் பற்றியும் மதிப்பெண், சிபாரிசுக் கடிதம் எதையும் வெளியே கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தன. முந்துகிற ஓட்டம் நின்றது. அப்புறம் "வேலை தருகிறோம், இத்தனை மணி நேரத்துக்குள் பதில் சொல்" என்ற வேறு சண்டை கிளம்பி, அதற்குத் தீர்வாக 1952-இல் மையப்படுத்திய மேட்ச் வந்தது. எனக்கு முக்கியமானது அந்த 1945 முடிவு. தகவல் எப்போது கை மாற வேண்டும் என்பதைத் தனி ஆளின் சாமர்த்தியத்துக்கு விடாமல், எல்லோருக்கும் பொதுவான தேதியாக ஆக்கினார்கள்.

இப்போது ஸ்டெப் 2-வில் அந்தப் பாடத்தை மறந்துவிட்டார்கள். விண்ணப்பம் திறக்கும் நாள் பொது. மேட்ச் நாள் பொது. மதிப்பெண் எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பது மட்டும் இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள். விஷயம் தெரிந்த ஆலோசகர் இருக்கும் கல்லூரியில் படிப்பவர் தப்பிப்பார். பாடத்திட்டத்தை முன்னாலேயே முடித்து, வசந்த காலத்திலேயே தேர்வுக்கு நேரம் ஒதுக்கும் கல்லூரியில் படிப்பவருக்கு எண் முன்னாலேயே தெரிந்துவிடும். மற்றவர்கள் என் அக்கா மகளைப் போல மாமாவுக்குப் போன் போட வேண்டியதுதான்.

எதிர்வாதம் ஒன்று

"அப்படின்னா ஸ்டெப் 2 மதிப்பெண்ணையும் எடுத்துடலாமே?" என்று கேட்கலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எண்ணே இல்லாவிட்டால் சல்லடை எதுவாக இருக்கும்? கல்லூரியின் பெயர். கடிதம் எழுதியவரின் பெயர். சம்பளமில்லாமல் ஒரு வருடம் ஆராய்ச்சி செய்யக் குடும்பத்தில் வசதி இருந்ததா என்பது. போட்டி கடுமையான இந்தத் துறைகளில் இடம் கிடைத்தவர்கள் காட்டும் ஆராய்ச்சி உருப்படிகளின் சராசரியே இரட்டை இலக்கத்தில் இருக்கிறது. பெயர் தெரியாத கல்லூரியில் படித்தவருக்கும், தங்களுடைய காம்லெக்ஸ் தேர்வோடு இதையும் சேர்த்து எழுதும் ஆஸ்டியோபதி மாணவருக்கும், "என்னையும் பாருங்க" என்று சொல்ல இருக்கும் ஒரே குரல் இந்த எண். அதையும் பிடுங்குவது நியாயம் இல்லை.

நான் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, ஒவ்வொரு துறையிலும் எல்லா ப்ரோகிராம்களும் சேர்ந்து ஒரே தேதியை அறிவிக்கட்டும். இந்த நாளுக்குள் எழுதிய மதிப்பெண்ணைத்தான் முதல் சுற்றில் பார்ப்போம் என்று. அவே ரொட்டேஷனுக்கு இடம் கொடுப்பதும் அந்த மதிப்பெண் வந்த பிறகு நடக்கட்டும். இரண்டு, எண்ணை அப்படியே காட்டாமல், பத்துப் பத்தாக அடுக்குப் பிரித்துக் காட்டட்டும். அடுக்கின் ஓரத்திலும் அநியாயம் இருக்கும்தான். ஆனால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளிக்காக ஒருவர் மூன்று வாரம் தேதியைத் தள்ளும் பைத்தியக்காரத்தனம் குறையும்.

நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். இ.என்.டி. துறைதான் 2020-21 பருவத்தில் முதன்முதலாக, 'எனக்கு உங்கள் இடத்தில் உண்மையான ஆர்வம்' என்று மாணவர்கள் சில ப்ரோகிராம்களுக்கு மட்டும் சொல்லும் சிக்னல் முறையை ஆரம்பித்தது. இரண்டு வருடத்தில் ஆர்த்தோ 30 சிக்னலோடு பின்தொடர்ந்தது. துறைகள் சேர்ந்து உட்கார்ந்தால் விதியை மாற்ற முடிகிறது.

அவளுக்கு என்ன சொன்னேன்

ஏப்ரலில் கூப்பிட்டுச் சொன்னேன். "ஜூன் கடைசி. முதல் அவேக்கு முன்னாடி. மாதிரித் தேர்வுல தேர்ச்சிக் கோட்டைத் தாண்டி நல்ல இடைவெளி இருந்தா, புள்ளி கூட்டறதுக்காகத் தள்ளாத. இடைவெளி இல்லைன்னா மட்டும் தள்ளு. தோல்விதான் அழிக்க முடியாத விஷயம், 248-ஆ 253-ஆங்கறது இல்ல."

"அப்ப மார்க் கம்மியா வந்தா?"

"வந்தா ஜூலைலயே தெரியும். கூடவே ஜெனரல் சர்ஜரிக்கும் போடறதா, ஒரு வருஷம் தள்ளறதான்னு யோசிக்க ரெண்டு மாசம் இருக்கும். ஆகஸ்ட்ல எழுதினா அந்த ரெண்டு மாசமும் கிடையாது."

அப்படித்தான் எழுதினாள். ஜூலையில் ஒரு புதன்கிழமை மதிப்பெண் வந்தது. அப்போது அவள் வேறொரு மாநிலத்தில் அவே ரொட்டேஷனில் இருந்தாள். தியேட்டருக்கு வெளியே நின்று போனில் பார்த்தாளாம். எண்ணை நான் இங்கே சொல்லப்போவதில்லை, அது அவளுடையது. மாதிரித் தேர்வு சொன்னதை ஒட்டியே இருந்தது. கதவை அடைக்கவும் இல்லை, அகலத் திறக்கவும் இல்லை.

அன்று ராத்திரி பேசும்போது அவளிடம் அழுகை இல்லை, சந்தோஷமும் பெரிதாக இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, இது எனக்குப் போன வருஷமே தெரிஞ்சிருந்தா, நான் வேற மாதிரி ஏதாவது யோசிச்சிருப்பேனா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன். செப்டம்பரில் ஆர்த்தோவுக்கே விண்ணப்பிக்கிறாள்.